இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு வருடம்: சென்சார் நோடுகளுக்குத் தூக்க அட்டவணை போடும் முழு வழிகாட்டி

டிமோட் ஸ்கை என்று ஒரு பழைய சென்சார் நோடு (அளந்ததை ரேடியோவில் அனுப்பும் சிறு கருவி) உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த டெலோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.எஸ்.பி.430 மைக்ரோகன்ட்ரோலர், சி.சி.2420 ரேடியோ, இரண்டு ஏ.ஏ. பேட்டரி, அவ்வளவுதான். அதன் தரவுத்தாளில் இரண்டே இரண்டு எண்களைப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் கதை முழுவதும் விளங்கிவிடும். ரேடியோவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் 21.8 மில்லிஆம்பியர் இழுக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கினால் 5.1 மைக்ரோஆம்பியர்.

பேட்டரியில் உருப்படியாக எடுக்கக்கூடியது 2200 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். கேட்டுக்கொண்டே இருக்கும் நோடு நாலு நாளில் செத்துவிடும். தூங்கிக்கொண்டே இருக்கும் நோடு கணக்குப்படி 49 வருடம் இருக்கும். (அதற்கு வெகு முன்பே பேட்டரி தானாகவே கரைந்துபோகும் என்பது வேறு விஷயம்.) நாலு நாளுக்கும் 49 வருடத்துக்கும் நடுவில் எங்கே நிற்கப் போகிறோம் என்பதை முடிவு செய்வதுதான் அட்டவணை.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே உதாரணம். ஒரு தென்னந்தோப்பு, 20 நோடுகள், ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணின் ஈரத்தை அளக்க வேண்டும், தரவு மோட்டார் ரூமில் இருக்கும் கேட்வேக்கு (எல்லோருடைய தரவையும் வாங்கிச் சேர்க்கும் பெட்டி) வந்து சேர வேண்டும். தோப்பு பெரியது, கடைசி நோடு நேராக கேட்வேயுடன் பேச முடியாது, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாண்டித் தாண்டித்தான் வரும். பேட்டரி ஒரு வருடம் தாங்க வேண்டும். கேட்வேக்கு மட்டும் கரண்ட் உண்டு.

முதலிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தாண்டி வர வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருக்கிறதா? எல்லா நோடுகளும் ஒரே தாவலில் கேட்வேயை எட்டும் என்றால் லோராவான் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ முறை) வகுப்பு-ஏ சாதனங்களை வாங்கிப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லை. வகுப்பு-ஏ சாதனம் தான் பேசி முடித்தபின் இரண்டு சிறிய இடைவெளிகளில் மட்டும் காது கொடுக்கும், மற்ற நேரமெல்லாம் தூக்கம். இடையில் நிற்கும் நோடு அடுத்தவரின் தரவையும் வாங்கிக் கடத்த வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்தவர் எப்போது பேசுவார் என்று தெரியாதே!

படி 1: நாள் கூலியைக் கணக்கிடுங்கள்

2200-ஐ 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 6 மில்லிஆம்பியர்-மணி. அதையே சராசரி மின்னோட்டமாக மாற்றினால் 251 மைக்ரோஆம்பியர். தூக்கத்துக்கான 5-ஐக் கழித்து, மீதியை 21.8 மில்லிஆம்பியரால் வகுத்தால் 1.13 சதவீதம் வருகிறது. ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் ரேடியோ விழித்திருக்கலாம் என்பது சுமார் 975 விநாடி. பதினாறு நிமிடம்.

இந்தப் பதினாறு நிமிடம்தான் நோடின் ஒரு நாள் கூலி. இதை மில்லிஆம்பியரில் நினைப்பதைவிட விநாடியில் நினைப்பது சுலபம் என்பது என் அனுபவம். ஒவ்வொரு முடிவையும் "இது எத்தனை விநாடி தின்னும்?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். சென்சார், மறு அனுப்புதல், பேட்டரியின் வயது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ரேடியோவுக்கு 700 விநாடி என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 2002-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில் 32 நோடுகளை வைத்தார்கள். லீச் புயல்குருவி என்ற கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டிக் கூடு கட்டும். மனிதர்கள் அடிக்கடி போனால் பறவைக்குத் தொந்தரவு. ஆகவே பேட்டரி மாற்றப் போவது என்ற பேச்சே இல்லை. ஒன்பது மாதம் தாங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, இதே 2200-ஐ வகுத்து, நாளொன்றுக்கு 8.148 மில்லிஆம்பியர்-மணி என்று குறித்துக்கொண்ட பிறகுதான் எதை எத்தனை முறை செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தார்கள்.

உங்களிடம் இருப்பது புதிய சிப் என்றால் எண்கள் மாறும். சி.சி.2650 கேட்கும்போது 5.9 மில்லிஆம்பியர்தான் எடுக்கிறது. கூலி நாலு மடங்குக்குக் கிட்டத்தட்ட உயர்ந்துவிடும். இ.எஸ்.பி.32-இன் வைஃபை கேட்கும்போது ஏறக்குறைய 100 மில்லிஆம்பியர். அதை வைத்துக்கொண்டு தோப்புக்குள் கேட்டுக் கடத்தும் வலையைப் பேட்டரியில் ஓட்டலாம் என்று கனவு காண வேண்டாம்.

படி 2: பேட்டரி எங்கே போகிறது என்று பாருங்கள்

ஐ.இ.இ.இ. 802.15.4 என்பது இந்த வகை நோடுகள் பேசும் தரநிலை. அந்த ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் பேசும். ஒரு பைட்டுக்கு 32 மைக்ரோவிநாடி. மிகப் பெரிய பாக்கெட்கூட (ஒரே மூச்சில் அனுப்பும் தரவுக் கட்டு) 127 பைட்தான். முன்னால் வரும் 6 பைட்டையும் சேர்த்தால் 4.3 மில்லிவிநாடியில் பேசி முடித்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 96 பாக்கெட். மொத்தப் பேச்சு 0.4 விநாடி.

975 விநாடி கூலியில் பேசுவதற்கு அரை விநாடிகூடத் தேவையில்லை. அப்புறம் பேட்டரியை யார் தின்கிறார்கள்? காத்திருப்புதான். யாராவது பேசுவார்களோ என்று வெறுமனே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நேரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: சி.சி.2420 சிப் மட்டும் பேசும்போது 17.4 மில்லிஆம்பியர், கேட்கும்போது 18.8 (முன்பு சொன்ன 21.8 நோடு முழுவதற்கும்). வெறும் காற்றைக் கேட்பதற்குப் பேசுவதைவிட அதிகச் செலவு. அனுப்பும் திறனைக் குறைத்தால் பேட்டரி மிச்சமாகும் என்று நினைத்து முதலில் அதில் கை வைப்பவர்கள் உண்டு. ஓட்டை வேறு பக்கம் இருக்கிறது.

யே, ஹைட்மன், எஸ்ட்ரின் மூவரும் 2002-ல் எஸ்-மேக் நெறிமுறையை (யார் எப்போது பேசுவது, தூங்குவது என்ற விதித்தொகுப்பு) வெளியிட்டபோது வீண் செலவை நாலாகப் பிரித்தார்கள்: வெற்றுக் கேட்பு, மோதல், நமக்கல்லாத பாக்கெட்டைக் கேட்டுத் தொலைப்பது, கட்டுப்பாட்டுச் செய்திகளின் சுமை. நம்மைப் போல அபூர்வமாகப் பேசும் வலையில் முதலாவதுதான் பூதம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சூடேற்றும் கம்பி உள்ள வாயு சென்சார் வைத்திருந்தால் (எம்.க்யூ.-2 வகை) சூடேற்றிக்கு மட்டுமே 5 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் போகும். அங்கே ரேடியோ அட்டவணை போடுவது ஓட்டைப் பானைக்கு மூடி தேடுகிற கதை. முதலில் சென்சாரை மாற்றுங்கள்.

படி 3: சந்திக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு நோடுகள் பேச வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. தண்ணீர் பிடித்துப் பழகிய நமக்கு மூன்றுமே தெரிந்ததுதான்.

தெருக்குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்துக்குக் குடத்தோடு போய் நிற்போம். எஸ்-மேக் இந்த வழி. அக்கம்பக்கத்து நோடுகள் எல்லாம் ஒன்றாக விழிக்கும், ஒன்றாகத் தூங்கும். தண்ணீர் வராத நாளிலும் போய் நின்றுவிட்டுத்தான் வர வேண்டும் என்பது குறை. 2003-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டிலிருந்து வந்த டி-மேக், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லையென்றால் சீக்கிரமே படுத்துவிடும்படி அதைத் திருத்தியது.

இரண்டாவது, தண்ணீர் லாரி. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்குள் இருப்பவர் அவ்வப்போது ஒரு நொடி காது கொடுத்தால் போதும். 2004-ல் வந்த பி-மேக்கின் குறைந்த சக்திக் கேட்பு இதுதான்: கேட்பவர் குறித்த இடைவெளியில் சில மில்லிவிநாடி மட்டும் எட்டிப் பார்ப்பார், பேசுபவர் அந்த இடைவெளி முழுவதும் ஹாரன் அடிப்பார். 2006-ல் எக்ஸ்-மேக் அதை மெருகேற்றியது. ஹாரனை விட்டு விட்டு அடித்து, நடுவில் யாருக்கு என்று பேரையும் சொல்லும். உரியவர் "இதோ வந்துட்டேன்" என்றதும் ஹாரன் நின்றுவிடும். மற்றவர்கள் பேரைக் கேட்டதுமே திரும்பிப் படுத்துவிடலாம்.

மூன்றாவது, முறைப் பாசனம். ஏரித் தண்ணீரை இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்துப் பாய்ச்சுவது. யார் முறை எப்போது என்பது முன்கூட்டியே தெரியும்; அவரவர் முறைக்கு அவரவர் மடைக்குப் போனால் போதும். நேரப் பங்கீடு, அதாவது டி.டி.எம்.ஏ., இதேதான்.

படி 4: லாரி முறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

எட்டிப் பார்க்க ஒருமுறைக்கு 5 மில்லிவிநாடி என்று கொள்வோம். இடைவெளி டி விநாடி என்றால் நாள் முழுவதும் எட்டிப் பார்ப்பதற்கு 432-ஐ டி-ஆல் வகுத்த விநாடி செலவாகும். எக்ஸ்-மேக் பாணியில் பேசுபவர் சராசரியாகப் பாதி இடைவெளி ஹாரன் அடிப்பார். 96 முறை, ஒவ்வொரு முறையும் க பாக்கெட் என்றால் 48 × க × டி விநாடி. இடைவெளியை நீட்டினால் முதல் செலவு குறையும், இரண்டாவது கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில்தான் மொத்தம் மிகக் குறைவு.

தோப்பின் ஓரத்தில் நிற்கும் நோடு தன் பாக்கெட்டை மட்டும் அனுப்புகிறது; க = 1. சிறந்த இடைவெளி 3 விநாடி. மொத்தம் 288 விநாடி. ஜோராக இருக்கிறது.

கேட்வேக்குப் பக்கத்து நோடைப் பாருங்கள். தனக்குப் பின்னால் எட்டுப் பேர்; க = 9. சிறந்த இடைவெளி 1 விநாடி. மொத்தம் 864 விநாடி. ஒதுக்கிய 700-ஐத் தாண்டிவிட்டது. எல்லா நோடுகளுக்கும் ஒரே இடைவெளி வைப்பதாக இருந்தால் இந்த ஆளுக்குப் பொருந்துவதைத்தான் வைக்க வேண்டும். பாசனத்தில் கடைமடைக்காரர் காய்வார். சென்சார் வலையில் தலைமடைக்காரர் சாவார். தண்ணீர் தலையிலிருந்து கடைக்குப் போகிறது, தரவு கடையிலிருந்து தலைக்கு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் போய்விட்டால் பின்னால் இருக்கும் எட்டுப் பேரும் நல்ல பேட்டரியோடு ஊமையாக நிற்பார்கள். ஆகவே எப்போதும் மோசமான நோடுக்கே கணக்குப் போடுங்கள். சராசரி நோடு என்ற ஒன்று தோப்பில் கிடையாது.

நெறிமுறையை மாற்றும் முன் இன்னொன்றைக் கேளுங்கள்: ஈரத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும், சரி, அதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை *அனுப்பவும்* வேண்டுமா? நாலு அளவைச் சேர்த்து மணிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்பினால் என்ன? ஓர் அளவு நாலு பைட் என்றாலும் 127 பைட்டில் தாராளமாக அடங்கும். இப்போது க = 2.25 ஆகிறது. சிறந்த இடைவெளி 2 விநாடி, மொத்தம் 432 விநாடி. செலவு சரிபாதி. ஒரு வரி நிரலில் கிடைக்கும் லாபம் இது. பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேராக நெறிமுறைக்கு ஓடிவிடுகிறார்கள். மண் ஈரத்துக்கு ஒரு மணி நேரத் தாமதம் ஒன்றுமே இல்லை. தீ எச்சரிக்கை என்றால் கதை வேறு.

இதற்கு மேலும் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. பக்கத்து நோடு எப்போது எட்டிப் பார்க்கிறது என்பதை ஒருமுறை பேசியதிலிருந்தே குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதற்குச் சற்று முன்னால் மட்டும் ஹாரன் அடிப்பது. ஸ்விட்சர்லாந்தில் உருவான வைஸ்மேக் இப்படிச் செய்தது. கான்டிகிமேக்கும் இதே தந்திரத்தைக் கையாளும்.

என் கருத்து: இருபது நோடு, ஒரு வருடம், மெதுவான தரவு என்றால் சேர்த்து அனுப்பும் லாரி முறையே போதும். கடிகாரத்தை ஒத்திசைக்கும் தலைவலி கிடையாது, நோடு செத்தாலும் பிழைத்தாலும் அட்டவணையைத் திருத்த வேண்டியதில்லை. கீழே வருவது அதற்கு மேல் வேண்டும் என்பவர்களுக்கு.

படி 5: முறைப் பாசனத்துக்கு, முதலில் கடிகாரம்

முறை வைக்க வேண்டுமானால் எல்லோருடைய கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். தூங்கும்போது ஓடுவது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே சாமான். பத்து லட்சத்தில் 20 பங்கு முன்பின்னாக ஓடும். ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால் இடைவெளி பத்து லட்சத்துக்கு 40. பதினைந்து நிமிடத்தில் இது 36 மில்லிவிநாடி ஆகும்.

இதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கிரிஸ்டல் சுமார் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதிலிருந்து விலகினால், சூடானாலும் குளிர்ந்தாலும், பின்தங்கவே செய்யும். விலகலின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று கிடைக்கும். தென்னை நிழலில் ஒரு டப்பா, வெட்டவெளியில் ஒரு டப்பா. வெயில் டப்பாவின் உள்ளே 55 டிகிரி ஏறினால் விலகல் 30, வர்க்கம் 900, பின்னடைவு பத்து லட்சத்துக்கு 30-க்கும் மேல். மேசையில் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வலை தோப்பில் மத்தியான வேளையில் மட்டும் தடுமாறுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு 70 என்றால் 15 நிமிடத்தில் 63 மில்லிவிநாடி. ஆக, கேட்பவர் குறித்த நேரத்துக்கு 70 மில்லிவிநாடி முன்பே காதைத் திறந்து, 70 மில்லிவிநாடி கழித்தும் யாரும் வரவில்லையென்றால் மூட வேண்டும். இதற்குக் காப்பு நேரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நேரத்தைச் சரிசெய்யத் தனிச் செய்தி வேண்டியதில்லை. பாக்கெட் கிடைத்தது என்று மேல்நோடு (கேட்வே பக்கம் ஒரு தாவல் முன்னால் நின்று பாக்கெட்டை வாங்குபவர்) அனுப்பும் பதிலிலேயே "நீ இத்தனை மில்லிவிநாடி பிந்தி வந்தாய்" என்று ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டால் போதும். கேட்வேயின் கடிகாரம் அப்படியே படிப்படியாகக் கீழே இறங்கும்.

படி 6: முறை போடுங்கள்

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த இடம் வண்ணமிடல் கணக்காக மாறும். ஒன்றையொன்று பாதிக்கும் நோடுகளுக்கு ஒரே முறை வரக்கூடாது, ஒன்று கேட்காத தூரத்தில் உள்ள இன்னொன்றும் நடுவில் இருப்பவரிடம் மோதும், ஆகவே இரண்டு தாவலுக்குள் யாருக்கும் ஒரே முறை வேண்டாம், மொத்த முறைகளும் குறைவாக இருக்க வேண்டும்... மிகக் கடினமான கணக்குதான். நமக்கு அது தேவையே இல்லை. 15 நிமிடம் என்பது 900 விநாடி. இருபது நோடுக்கும் ஆளுக்கு ஒரு விநாடி என்று தனித்தனி முறை கொடுத்தாலும் 20 விநாடிதான் ஆகிறது. மீதி 880 விநாடி ஊரே தூங்கலாம். நூற்றுக்கணக்கில் நோடுகளும் விநாடிக்கு விநாடி தரவும் இருந்தால் வண்ணமிடலுக்குப் போங்கள்.

ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும், வரிசை. கடைக்கோடியில் இருப்பவர் முதலில் பேச வேண்டும், கேட்வேக்கு அருகில் இருப்பவர் கடைசியில். அப்படி வைத்தால் இருபது பேருடைய அளவும் ஒரே சுற்றில் கேட்வேக்கு வந்துவிடும். தலைகீழாக வைத்தால் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சுற்று, அதாவது 15 நிமிடம் தாமதம்.

தலைமடை நோடுக்கு இப்போது எவ்வளவு? அவரிடம் நேரடியாகத் தரவைக் கொடுக்கும் பிள்ளை நோடுகள் இரண்டு என்று கொள்வோம். சுற்றுக்கு இரண்டு காப்பு நேரம், 140 மில்லிவிநாடி. வாங்குவது எட்டு, அனுப்புவது ஒன்பது, ஆக 17 பாக்கெட். பதிலோடு சேர்த்து ஒன்றுக்கு 10 மில்லிவிநாடி என்றால் 170. மொத்தம் 310 மில்லிவிநாடி, நாளைக்கு 96 சுற்று. ஏறக்குறைய 30 விநாடி!

அதே தரவுக்கு லாரி முறையில் 864.

படி 7: வழி தவறியவருக்கு என்ன செய்வது?

முப்பது விநாடிதான் ஆகிறது என்றால் எல்லோரும் இதையே வைத்துக்கொள்ளக்கூடாதா? இந்தப் படியை எழுத மறப்பவர்களின் வலைதான் முதல் மழையிலேயே படுக்கும்.

ஒரு நோடு ஒத்திசைவை இழந்துவிட்டது. பேட்டரி ஆடி மறுதொடக்கம் ஆகியிருக்கலாம், மழையில் நனைந்த ஓலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கி மேல்நோடின் குரல் கேட்காமல் போயிருக்கலாம். இப்போது அதற்கு நேரம் தெரியாது. யாராவது பேசுவதைக் கேட்டால்தான் தெரியும். ஊரோ 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசுகிறது. ஆகவே 15 நிமிடம், 900 விநாடி, விழித்துக் கேட்க வேண்டும். ஒரு நாள் கூலி மொத்தமும் ஒரே தேடலில் போயிற்று. கிடைக்கவில்லை என்று விடாமல் தேடினால் நாலு நாளில் மரணம்.

இரண்டு வைத்தியம் சேர்த்துச் செய்யுங்கள். ஒன்று, வலையில் இருக்கும் ஒவ்வொரு நோடும் நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன், மணி இத்தனை" என்று ஒரு குட்டிச் செய்தி சொல்லட்டும். 5 மில்லிவிநாடி வீதம் நாளைக்கு 1440 முறை, 7 விநாடிதான் செலவு. தேடுபவர் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் போதும். இரண்டு, ஒரு நிமிடம் தேடியும் கிடைக்கவில்லையென்றால் 10 நிமிடம் தூக்கம். மறுபடி தவறினால் 20, அப்புறம் 40 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஆறு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். அளவுகளை அதுவரை உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

மறு அனுப்புதலுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். பதில் வரவில்லையென்றால் மூன்று முறை முயலலாம், அதோடு அந்தச் சுற்றில் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

படி 8: சொந்தமாக எழுதாமல் தப்பிக்க வழி

மேலே சொன்னதையெல்லாம் தரமாக்கி வைத்திருக்கிறார்கள். 2012-ல் 802.15.4இ திருத்தத்தில் வந்த டி.எஸ்.சி.ஹெச். முறை நேரப் பங்கீட்டோடு அலைவரிசைத் தாவலையும் சேர்க்கிறது. ஒவ்வொரு முறையும் 16 அலைவரிசைகளில் வேறொன்றில் பேசுவதால், பக்கத்து வீட்டு வைஃபை ஒன்றைக் கெடுத்தாலும் அடுத்ததில் பிழைத்துக்கொள்ளும். ஆலைகளில் ஓடும் வயர்லெஸ்ஹார்ட் (2007) இதே வம்சம். கான்டிகி-என்ஜி இயங்குதளத்தில் இது இலவசமாகக் கிடைக்கிறது. ஆர்கெஸ்ட்ரா என்ற அட்டவணையிடும் பகுதி, நோடுகள் தங்களுக்குள் எதுவும் பேரம் பேசாமலே முறைகளைத் தாமாகக் கணக்கிட்டுக்கொள்ள வழி செய்கிறது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. இதில் ஒரு முறையின், அதாவது ஒருவர் பேசக் கிடைக்கும் நேரத்துண்டின், வழக்கமான நீளம் 10 மில்லிவிநாடி. காப்பு நேரம் இரு பக்கமும் சேர்த்து 2.2 மில்லிவிநாடிதான். பத்து லட்சத்துக்கு 40 என்ற விலகலில் 27 விநாடிக்குள் ஒருமுறையாவது நேரத்தைச் சரிசெய்யாவிட்டால் காப்பை விட்டு வெளியே போய்விடும். 101 முறை கொண்ட சுற்றில் ஒரே ஒரு கேட்பு முறை வைத்தாலும், யாரும் பேசாத நாளில்கூட 188 விநாடி போகும். நம் கையால் போட்ட மெதுவான அட்டவணையின் 37 விநாடியைவிட அதிகம். இருந்தாலும் நான் டி.எஸ்.சி.ஹெச்.-ஐயே தேர்ந்தெடுப்பேன். 188 என்பது கூலிக்குள் அடங்குகிறது, வழிதவறியவரைச் சேர்த்துக்கொள்ளும் வேலை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கூலிக்குள் அடங்கிய பிறகு இன்னும் கஞ்சத்தனம் பிடிப்பது பொழுதுபோக்குக்குத்தான் சரி.

படி 9: தலைமடைக்காரரைக் காப்பாற்றுங்கள்

2000-ல் ஹைன்செல்மன் குழு வெளியிட்ட லீச் முறை சுமையைச் சுழற்சியில் பகிர்ந்தது. குழுத் தலைமை ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு நோடுக்குப் போகும், யாரும் தொடர்ந்து சுமப்பதில்லை. (மேலே சொன்ன பறவைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.) அழகான யோசனை, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் எந்த நோடும் நேராகத் தலைமை நிலையத்தை, அதாவது நம் கேட்வே போன்ற ஒன்றை, எட்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் தோப்பில் அது நடக்காது. தலைமடையில் யார் நிற்கிறார்களோ அவர்தான் சுமக்க வேண்டும்.

நான் செய்வது எளிது. முடிந்தால் கேட்வேயைத் தோப்பின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுபோவேன்; பின்னால் எட்டுப் பேர் என்பது மூன்று நாலாகக் குறையும். முடியாவிட்டால் அந்த ஒன்றிரண்டு நோடுகளுக்கு மட்டும் பெரிய பேட்டரியோ சின்ன சூரியப் பலகையோ கொடுப்பேன். இருபது நோடுக்கும் கடினமான நெறிமுறை எழுதுவதைவிட இரண்டு நோடுக்குப் பலகை வாங்குவது மலிவு.

நோடுகள் நெருக்கமாக இருந்து ஒரே இடத்தை இரண்டு மூன்று பேர் அளக்கிறார்கள் என்றால் அவர்களைப் பிரித்து நாள் முறை வைக்கலாம். இன்று இவர், நாளை அவர். நம் இருபதில் அப்படி உபரி யாரும் இல்லை.

படி 10: அளந்து பாருங்கள், நம்பாதீர்கள்

ஒருமுறை எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டு, நோடுகளை வைத்துவிட்டு வந்தேன். ஒரு வருடம் வர வேண்டியது ஆறேழு மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. நெறிமுறையில் தேடோ தேடு என்று தேடினேன். கடைசியில் பார்த்தால், பேட்டரி வோல்டேஜை அளப்பதற்கு நானே வைத்த இரண்டு 10 கிலோஓம் தடைகள். 3 வோல்ட்டுக்குக் குறுக்கே 20 கிலோஓம் இருந்தால் 150 மைக்ரோஆம்பியர், இரவும் பகலும். மொத்த வரம்பு 251! பேட்டரியை அளக்க வைத்ததே பேட்டரியைத் தின்றிருக்கிறது. மெகாஓம் தடை வைக்க வேண்டும், அல்லது அளக்கும்போது மட்டும் ஒரு டிரான்சிஸ்டரால் இணைக்க வேண்டும். எரியும் எல்.இ.டி., வோல்டேஜ் ரெகுலேட்டர், யு.எஸ்.பி. சிப், மிதந்துகொண்டிருக்கும் பின் எல்லாம் இதே கூட்டாளிகள்தான்.

விழிப்பு நேரத்தை அளக்க, பேட்டரிக் கம்பியில் 10 ஓம் தடை வைத்து ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். 21.8 மில்லிஆம்பியர் என்பது 218 மில்லிவோல்ட்டாகத் தெரியும். ரேடியோ எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று கண்ணால் எண்ணலாம். தூக்க மின்னோட்டம் அதில் தெரியாது, 51 மைக்ரோவோல்ட்தான் வரும். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: கசிவு குறைந்த 1000 மைக்ரோஃபாரட் கன்டென்ஸரை 3 வோல்ட்டுக்கு ஏற்றி, தூங்கும் நோடை அதில் மட்டும் ஓட விடுங்கள். 5 மைக்ரோஆம்பியர் என்றால் அரை வோல்ட் இறங்க 100 விநாடி ஆகும். 3 விநாடியில் இறங்கினால் எங்கோ ஓட்டை. கன்டென்ஸர் தனியாக இருக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பில் வைக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் இரண்டு பைட் ஒதுக்கி, நேற்று முழுவதும் ரேடியோ எத்தனை விநாடி திறந்திருந்தது என்பதை நோடே சொல்லும்படி எழுதிவிடுங்கள். முதல் வாரம் தினமும் காலையில் அந்த இருபது எண்களையும் பாருங்கள். இருபதில் பதினெட்டு ஒழுங்காக இருக்கும். ஒன்று வெயிலில் இருக்கும் டப்பாவாக இருக்கும், இன்னொன்று மேல்நோடைச் சரியாகக் கேட்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும். முதலாவதை நிழலுக்கு மாற்றுங்கள். இரண்டாவதை ஓர் ஆள் உயரம் மேலே தூக்கிக் கட்டிவிட்டு, மறுநாள் காலை அதே எண்ணைப் பாருங்கள்.